முடித்தவள் வரப்பேறக் கூடாது

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை மணி அடிப்பார்கள். காலையில் பிள்ளைகளுக்கு, பொழுது சாய்ந்ததும் எங்களுக்கு. காலை மணிக்கு எல்லாரும் ஓடுவார்கள். எங்கள் மணிக்கு யாரும் ஓடுவதில்லை. அடுப்பை அணைத்து, கோழியை அடைத்து, புருஷனுக்குச் சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு, தலையைக் கோதி முடிந்துகொண்டு ஆடி அசைந்து போவோம். பெஞ்சோ ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்தது. உட்கார்ந்தால் முட்டி மேசையில் இடிக்கும். எழுந்தால் சில நேரம் பெஞ்சும் கூடவே எழுந்து வரும்.

இந்த மாலை வகுப்பு தொடங்கியதற்கு என் வாய்தான் காரணம். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, பெருமைதான். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களும் உறுப்பினர்கள்; என் சின்னவன் அங்கே படிப்பதால் நானும் ஒரு உறுப்பினர். ஒரு கூட்டத்தில் தலைமை ஆசிரியை, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பெற்றோர்களும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று தன்மையாகத்தான் சொன்னார். நான் வேலையிலிருந்து நேராக வந்திருந்தேன். மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் லாண்டரி வேலை எனக்கு. நாள் முழுக்க யார் யாரோ படுத்து எழுந்த பெட்ஷீட்டுகளைச் சலவை செய்து மடித்த எரிச்சல் உடம்பெல்லாம் இருந்தது. சட்டென்று எழுந்துவிட்டேன்.

"எட்டாவதோட நின்னவ நானு. எம்மூத்த பொண்ணு காலேஜு போறா. ஒண்ணு கேட்டா, 'உனக்குப் புரியாதும்மா'ன்றா. நாங்க இன்னாத்த பாக்குறது? எங்களையும் சேத்து உக்கார வெச்சு சொல்லிக் குடுங்க, அப்பால பாக்குறோம்!"

கோபத்தில் சொன்னது. சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆனால் தலைமை ஆசிரியை என் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டார். அடுத்த வாரமே ஒரு வகுப்பறையின் சாவி எங்கள் கைக்கு வந்துவிட்டது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. இந்தத் தடவை ஊரே சேர்ந்து மாட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடம் என்றால் அரசாங்கத்தின் சொத்து, நமக்கென்ன என்று இருந்தவர்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். பால் சொசைட்டிக்காரர் டீக்குப் பால் அனுப்பினார். திருவிழாக் கமிட்டி சும்மா கிடந்த மின்விசிறியைக் கொடுத்தது. செய்யூர் கடைத்தெருவில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கும் பாய் இரண்டு ட்யூப்லைட் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல் தானே வந்து ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினார். மாட்டிவிட்டு இறங்கியவர், கரும்பலகையில் நாங்கள் தப்பும் தவறுமாகப் போட்டுவைத்திருந்த கணக்கைப் பார்த்தார். "அய்யய்யே, இன்னாம்மா இது" என்று சாக்பீஸை எடுத்தவர்தான், இன்றுவரை கீழே வைக்கவில்லை. அவர் கல்லூரியில் கணக்கு படித்தவர் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. தினமும் மாலைத் தொழுகையை முடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்துவிடுவார். நாங்கள் அவரைப் 'பாய் சார்' என்று கூப்பிட்டோம். மற்ற பாடங்களைத் தலைமை ஆசிரியையே எடுத்தார்.

பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவதென்று முடிவானது. எழுத முன்வந்தவர்கள் எல்லாரும் எங்கள் நடவு செட்டுப் பெண்கள்தான். எங்கள் அப்பா அம்மா காலத்தில் கையளவு நிலம்கூட இல்லாமல் அடுத்தவர் வயலில் நட்டுப் பிழைத்தோம். இப்போது ஆளுக்கொரு வேலை. ஒருத்தி சோப்புக் கம்பெனியில், ஒருத்தி துணிக்கடையில், நான் ரிசார்ட்டில். ஆனாலும் நடவு வந்தால் லீவு போட்டாவது இரண்டு நாள் சேர்ந்து போய்விடுவோம். கூலி கொஞ்சம்தான். சேர்ந்து பேசிச் சிரித்து, ஊர் வம்பையெல்லாம் ஒரே மூச்சில் அலசி முடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

நடவில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஆளுக்கு ஒரு துண்டு பிரித்துக்கொண்டு நடுவோம். வேகமாக முடித்தவள் உடனே பக்கத்துக்காரியின் துண்டில் இறங்கிக் கைகொடுக்க வேண்டும். கடைசி நாற்றும் ஊன்றிய பிறகுதான் எல்லாரும் ஒன்றாக வரப்பேறுவோம். "முடிச்சவ வரப்பேறக் கூடாது" என்பது எங்கள் செட்டில் சட்டம். தன் பங்கை முடித்துவிட்டோம் என்று ஒருத்தி வரப்பில் ஏறி, இடுப்பில் கைவைத்து நின்று மற்றவர்களை வேடிக்கை பார்த்தால், அடுத்த நடவுக்கு அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

எங்களில் மெதுவாக நடுகிறவள் என் மூத்த ஓரகத்தி. கொழுந்தன், மச்சாண்டார் என்று கூட்டாக இருந்த வீடு அது. அவள் புருஷனான மச்சாண்டார் காலமான பிறகு ஒரே சுவரின் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவள். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்பார்கள். எங்களுக்குள்ளும் குழாயடிச் சண்டை, குப்பைச் சண்டை எல்லாம் உண்டு. நான் படபடவென்று வெடிப்பேன். அவள் பதில் சொல்லாமல் ஒரு கிண்ணம் குழம்பைச் சுவருக்கு மேலே நீட்டுவாள். அப்படிப்பட்டவளோடு எத்தனை நேரம்தான் சண்டை போட முடியும்?

அவள் எங்கள் பள்ளியிலேயே சத்துணவுச் சமையலர். பகலில் அங்கே சமைத்துவிட்டு, மாலையில் அதே பள்ளியில் உட்கார்ந்து படித்தாள். அவளுக்கு இந்தத் தேர்வு எங்களைப் போல வீம்புக்கு எழுதுவதல்ல. சத்துணவு அமைப்பாளர் ஓய்வு பெறப்போகிறார். பத்தாவது தேறியிருந்தால் அந்த இடத்துக்கு இவள் கேட்கலாம். இல்லையென்றால் வெளியூரிலிருந்து யாராவது வருவார்கள், இவள் கடைசிவரை கரண்டியோடு நிற்க வேண்டியதுதான். மற்ற பாடங்களில் எல்லாம் முதல் தடவையே தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் கவிழ்ந்துவிட்டாள். நாங்களும் சிலர் கணக்கில்தான் கவிழ்ந்திருந்தோம். அந்தத் தடவை எங்களை ஆளுக்கொரு அறையில் போட்டிருந்ததால், ஒருத்தி எழுதுவதை இன்னொருத்தி பார்க்கக்கூட முடியவில்லை. வரப்போகிற துணைத் தேர்வை விட்டால் அவளுக்கு அந்த வேலை இல்லை. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

பாய் சார் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார். கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவருக்கு, யாருக்கோ மோட்டார் புகைந்துவிட்டது என்று போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். திரும்பி வர வெகு நேரமாயிற்று. அதற்குள் நான் முடித்துவிட்டேன். முடித்ததும் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். ஓரகத்தி பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் விட்டிருந்த கணக்கைப் போட ஆரம்பித்தேன். சோப்புக் கம்பெனிக்காரி முடித்தாள், அவளும் வந்தாள். துணிக்கடைக்காரி, "கிராஃப் நான் போடுறேன், எனக்கு நல்லா வரும்" என்று தாளை இழுத்துக்கொண்டாள். நாங்கள் யாரும் ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. பாய் சார் உள்ளே வந்தபோதும் நிமிராமல் எழுதிக்கொண்டுதான் இருந்தோம்.

அவர் தாள்களை வாங்கிப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இன்னாம்மா இது? ஒரே பேப்பர்ல நாலு கையெழுத்து கீது!"

"கை குடுத்தோம் பாய் சார்" என்றாள் துணிக்கடைக்காரி.

"பரிச்சையிலயா?"

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "பின்ன? முடிச்சிட்டு சும்மா குந்திகினு வேடிக்க பாக்க சொல்றீங்களா? நாங்க அப்பிடி வளந்தவங்க இல்ல."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "இத அங்க போய் செஞ்சீங்கன்னா எல்லாரையும் ஒட்டுக்கா வெளிய அனுப்பிடுவாங்கம்மா. அக்காவுக்கு அப்பால அமைப்பாளரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது" என்றார். அந்த மாதிரித் தேர்வில் முதல் மதிப்பெண் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? ஓரகத்திக்குத்தான். நாலு பேர் போட்ட கணக்கல்லவா.

அடுத்த வாரம் மறுபடியும் மாதிரித் தேர்வு. இந்தத் தடவை பாய் சார் போனை அணைத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டார். நான்தான் முதலில் முடித்தேன். ஜியாமெட்ரி பாக்ஸை 'டப்'பென்று மூடி, கையை மேலே தூக்கிச் சோம்பல் முறித்தேன். அப்புறம் ஒவ்வொருத்தியாக முடித்து நிமிர்ந்தார்கள். ஒருத்தி வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டாள், ஒருத்தி ஜன்னல் வழியாக இருட்டிக் கிடந்த சவுக்குத் தோப்பைப் பார்த்தாள். எல்லார் கண்ணும் கடைசியில் போய் நின்றது ஓரகத்தி மேல்தான். அவள் பேனா அதற்கு மேல் நகரவில்லை. தாளில் பாதி வெள்ளையாகவே இருந்தது.

மறுநாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. நான் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கூப்பிட்டேன். அவள் முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, மணி அடிச்சது காதுல வுழலயா?"

"நான் எழுதலடி. வுட்டுடு."

"எதுக்கு? தெரியாத கணக்கா அதெல்லாம்? போன ஞாயித்துக்கெழம எனக்கே சொல்லிக் குடுத்தியே!"

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்டி. நீங்கள்லாம் நிமுந்து உக்காந்ததும் எல்லாம் போயிடுச்சு. வயலுக்குள்ள நான் ஒருத்தியே நிக்குற மாதிரியும், நீங்க அல்லாரும் வரப்பு மேல நின்னு பாக்குற மாதிரியும் இருந்துச்சு. கை ஓடல."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத கோபம். "வரப்பும் இல்ல, வாய்க்காலும் இல்ல. மொதல்ல எந்திரிச்சு வா" என்று கத்தினேன். கத்தியதில் அவள் வீட்டு நாய் எழுந்து வந்தது, அவள் வரவில்லை. கடைசியில் பாய் சாரே சத்துணவுக் கூடத்துக்குப் போய், பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஓரமாக நின்று, "அக்கா, உங்களுக்குக் கணக்கு வரும். எழுதி பாஸ் வராம போனா பரவால்ல, எழுதாமலே வுட்டுடக் கூடாது" என்று சொன்ன பிறகுதான் மறுநாளிலிருந்து வந்தாள். கணக்கெல்லாம் போட்டாள். ஆனால் முகத்தில் தெளிவு இல்லை.

தேர்வு மையம் அச்சரப்பாக்கத்தில். வழக்கமாக எங்களை நடவுக்கு ஏற்றிப்போகிற டாட்டா ஏஸ் வண்டியிலேயே கிளம்பினோம். நாற்று முடி வைக்கிற இடத்தில் ஜியாமெட்ரி பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர், "எந்த ஊருக்கும்மா நடவு?" என்று கேட்டார். "பரிச்சைக்குப் போறோம்" என்று நாங்கள் கத்தியதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஓரகத்தி மட்டும் ஹால் டிக்கெட்டை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ சூத்திரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாய் சார் கடையைப் பூட்டிவிட்டு முன்னாலேயே வந்து பள்ளி வாசலில் நின்றார். "உங்கள கும்புட்டு கேட்டுக்குறேன், யாரும் யாருக்கும் கை குடுக்காதீங்க" என்று ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகச் சொன்னார். என்னிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

இந்தத் தடவை ஒன்றாக விண்ணப்பித்ததால் எங்களுக்கு அடுத்தடுத்த எண். எல்லாரும் ஒரே அறையில். ஓரகத்தி எனக்கு முன்வரிசையில், கொஞ்சம் தள்ளி இருந்தாள். அவள் கொண்டையும், ரவிக்கையின் முதுகும், எழுதுகிற கை முழங்கையும் எனக்குத் தெரிந்தன.

கேள்வித்தாள் எனக்கு எளிதாகத்தான் இருந்தது. என் குணம்தான் தெரியுமே, ஒன்றை எடுத்தால் முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன். எழுதி முடித்து, நூல் கோத்துக் கட்டியும்விட்டேன். நேரம் இன்னும் நிறைய இருந்தது. முதுகு வலித்தது. நிமிரப் போனேன்.

அப்போதுதான் அந்த முழங்கையைப் பார்த்தேன். அசைந்துகொண்டிருந்தது. மெதுவாக, நாற்று ஊன்றுகிற அதே நிதானத்தில் அசைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் நின்று தயங்கியது, கொண்டை பக்கவாட்டில் லேசாகத் திரும்பியது. அவள் எங்களைத்தான் பார்க்கிறாள்.

சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன். மூடியிருந்த பேனாவைத் திறந்தேன். கட்டின தாளைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் பதினாறாம் வாய்ப்பாட்டை எழுத ஆரம்பித்தேன். அது முடிந்ததும் பதினேழு. போய்க் கைகொடுக்கத்தான் கூடாது. வரப்பேறாமல் இருக்க எவன் தடுப்பான்? பார்க்கிறவளுக்கு நான் இன்னும் வயலுக்குள்தான் நிற்கிறேன்.

மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் என் பக்கத்தில் வந்து நின்றார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லாம் எழுதிட்டு வாய்ப்பாடு எதுக்கும்மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சரிபாக்குறேன் சார்" என்றேன். கடைசியில் அதை அடித்துவிடச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அவர் போன பிறகு, தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் சுழற்றினேன். சோப்புக் கம்பெனிக்காரி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் பேனா தாளில் படவே இல்லை, காற்றில் ஓடிக்கொண்டிருந்தது. துணிக்கடைக்காரி போட்டு முடித்த கோட்டின் மேலேயே அளவுகோலை வைத்து வைத்து எடுத்தாள். எங்கள் செட்டில் ஒரு தலையும் நிமிரவில்லை. நாங்கள் யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. இந்த யோசனை எனக்கு மட்டும்தான் வந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். இந்தப் பெண்களை விட்டுவிட்டு நான் எங்கேயும் போக மாட்டேன் என்று தோன்றியது. பதினெட்டாம் வாய்ப்பாட்டில் நான் செய்த தப்புகளுக்கு அதுதான் காரணம்.

மணி அடிக்கும் வரை அந்த முழங்கை அசைந்துகொண்டே இருந்தது.

வெளியே வந்ததும் அவள் முகம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. நேராக என்னிடம் வந்தாள்.

"உனக்குமா கஷ்டமா இருந்துச்சு? கடசி வரைக்கும் எழுதிகினே இருந்தியே!"

எனக்குப் பெருமையடித்துக்கொள்ளாமல் இருக்கத் தெரியாது. ஊருக்கே தெரிந்த விஷயம். அன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டேன். "ஆமாக்கா, செம பேஜாரு. பாதி தெரியல" என்றேன். பின்னால் நின்ற துணிக்கடைக்காரி இருமினாள்.

ஓரகத்தி தேறிவிட்டாள். எத்தனை மதிப்பெண் என்று கேட்காதீர்கள், அரசாங்கம் கேட்ட அளவுக்கு வந்தது, அதற்கு மேல் எதற்கு? முடிவு வந்த அன்று பாய் சார் கடைத்தெரு முழுக்க இனிப்பு கொடுத்தார், என்னமோ அவர் பேத்தி பாஸான மாதிரி. அமைப்பாளர் வேலைக்கான உத்தரவு வர அலைச்சலும் காத்திருப்புமாகப் பல மாதமாயிற்று. வந்தது. இப்போது அவள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிக்குள் நடக்கிற நடையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் நிறைய சந்தோஷமும். இரண்டும் உண்மைதான், எதை மறைக்க?

இந்த வருஷம் மாலை வகுப்பில் புதுப் பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். பக்கத்து ஊரிலிருந்துகூட வருகிறார்கள். போன வாரம் அவர்களுக்கு மாதிரித் தேர்வு. நான் டீ போட்டுக் கொடுக்கப் போயிருந்தேன். உள்ளே பார்த்தால் முன் பெஞ்சில் ஓரகத்தி. பாஸாகி, வேலையும் வாங்கியவள், கேள்வித்தாளும் பேனாவுமாகக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொருத்தியாக முடித்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பெண் இன்னும் திணறிக்கொண்டிருந்தாள். அவள் பதறிப்போய்த் தலையைத் தூக்கும்போதெல்லாம், முன்னால் ஒருத்தி இன்னும் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தாள்.

டீ கிளாஸை வைக்கிற சாக்கில் ஓரகத்தியின் தாளை எட்டிப் பார்த்தேன். திங்கள்கிழமை சாம்பார் சாதம், முட்டை. செவ்வாய்க்கிழமை சுண்டல். அப்படியே வாரம் முழுக்கச் சத்துணவு எழுதியிருந்தாள். வெள்ளி முடிந்து மறுபடியும் திங்களிலிருந்து ஆரம்பித்திருந்தாள்.

அவள் தலையைத் தூக்கவில்லை. பேனாவை ஓட்டிக்கொண்டே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இன்னாடி பாக்குற? நீங்க மட்டும்தான் எழுதுற மாதிரி எழுதுவீங்களா?"